மீட்டரின் கயிறு

எங்கள் வீட்டு வாசற்கதவை ஒட்டிய சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஒரு நீல நைலான் கயிறு தொங்குகிறது. மீன்வலைக்குக் கட்டுகிற கயிற்றை மூன்று புரியாக முறுக்கி, ஒரு நுனியில் கை நுழைய வளையமும் மறு நுனியில் பித்தளைக் கொக்கியும் வைத்தது. கொக்கி கறுத்துவிட்டது. கயிற்றை உதறினால் இன்றைக்கும் கொஞ்சம் மணல் விழும். இந்த வீட்டில் நாய் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. போன வாரம் வண்ணமடிக்க வந்தவர் கயிற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "குத்தா இல்ல, ரஸ்ஸி மட்டும் கைக்கு மேடம்? எடுத்துப் போட்டுடவா?" என்று கேட்டார். நாய் இல்லாமல் கயிறு மட்டும் எதற்கு என்கிறார்; செகந்திராபாத்தில், மெட்டுகுடாவின் தமிழ் வீடுகளுக்கே வேலை செய்து செய்து அவருடைய இந்தி இப்படித் தமிழோடு கலந்துவிட்டது. "நக்கோ, வேணாம், அதைத் தொடாதீங்க. சுத்தி அடிச்சிட்டுப் போங்க," என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாக வந்துவிட்டது. பாவம், அந்த மனிதர் என்ன கண்டார். பிறகு டீ போட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

அது என் அக்காவுடைய நாயின் கயிறு. அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள், புகைப்படக்காரி. அப்பா ரயிலில் கார்டாக இருந்தவர். தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்து, மூன்று தலைமுறையாக மெட்டுகுடாவைத் தாண்டாத குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள் இருபத்திரண்டு வயதில், கல்யாண மண்டபங்களில் ஆண்களோடு முட்டி மோதிக்கொண்டு படம் எடுக்கக் கிளம்பினாள். பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால் அம்மா "ஏதோ கைவேலை" என்று மழுப்புவாள். உள்ளறையிலிருந்து அக்கா "போட்டோ எடுக்கறேன்" என்று குரல் கொடுப்பாள். வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போய்விடுவார்கள். கடைசியில் கல்யாணம் எனக்குத்தான் நடந்தது, படம் எடுத்தது அவள்.

பிறகு காலண்டர்களுக்கும் சுற்றுலாப் புத்தகங்களுக்கும் எடுக்க ஆரம்பித்தாள். கட்ச்சிலிருந்து வங்காளம் வரைக்கும் இந்த நாட்டின் கரையோரமாகவே ஒரு தோள்பையோடு நடந்திருக்கிறாள். உப்பளம், கலங்கரை விளக்கம், கருவாடு காயும் மணல், எல்லாம் அவளுக்குப் படம். வாரக்கணக்கில் தகவல் இருக்காது. திடீரென்று ஏதோ ஒரு ஸ்டேஷனிலிருந்து போன் வரும். "எங்கடி இருக்க?" என்று அம்மா கேட்பாள். "கடலுக்குப் பக்கத்துல" என்பாள், ஏதோ பால் பூத்துக்குப் பக்கத்தில் என்பது மாதிரி. "தண்ணி பாக்கணும்னா டேங்க்பண்டுக்குப் போனா ஆகாதா? இங்கயும் தண்ணிதான நிக்குது," என்று அம்மா போனை என்னிடம் கொடுத்துவிடுவாள். நான் சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்குப் பொறாமையாக இருக்கும். பேகம்பேட்டில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் வேலை. நான் எங்கேயும் போனதில்லை.

ஓங்கோலுக்குக் கிழக்கே ஒரு மீனவக் குப்பத்துக்கு நாலு நாள் வேலையாகப் போனவள், அங்கேயே பன்னிரண்டு வருஷம் தங்கிவிட்டாள். காரணம் ஒரு நாய்க்குட்டி. வலைக் குவியலுக்குள் தூங்கிக்கொண்டிருந்ததாம். முகத்தில் நேர்பாதி கறுப்பு, நேர்பாதி வெள்ளை. நடுவே நூல் பிடித்தது போலக் கோடு. அக்கா அதற்கு மீட்டர் என்று பேர் வைத்தாள். "ஆட்டோவுக்கு வெக்கற பேரையா நாய்க்கு வெச்ச?" என்று கேட்டேன். "போடி. காமிராவுல வெளிச்சம் அளக்கற மீட்டர். இவன் மூஞ்சியில கறுப்பும் மங்காம, வெள்ளையும் வெளுத்துப் போகாம வந்துட்டா, அன்னிக்கு வெளிச்சம் என் கையில," என்றாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் தினமும் காலை ஏழு மணிக்குக் கரையில் புதைந்து கிடக்கும் ஓர் உடைந்த படகுக்குப் பக்கத்தில் அவனை உட்காரவைத்து முதல் படம் எடுப்பாள். அதற்குப் பிறகுதான் அன்றைய வேலை.

வேலைக்காக வெளியூர் போகும்போதும் அவனை விட்டுவிட்டுப் போகமாட்டாள். ரயிலில் நாயைக் கடைசிப் பெட்டியில், கார்டுக்குப் பக்கத்தில் உள்ள கூண்டில்தான் ஏற்ற வேண்டும். அக்கா பொது டிக்கெட் வாங்கி, கூண்டுக்குப் பக்கத்துப் பொதுப்பெட்டியாகப் பார்த்து ஏறிக்கொள்வாள். வண்டி நிற்கிற ஸ்டேஷனிலெல்லாம் தண்ணீர் பாட்டிலோடு குதித்து ஓடுவாள். அப்பாவோடு வேலை செய்தவர்கள் யாராவது கார்டாக வந்துவிட்டால் யோகம். கொடியசைக்கும் மனிதரின் காலடியில் மீட்டர் படுத்துக்கொண்டு வருவான். "நாங்க ரெண்டு பேரும் அப்பா வண்டியிலதான் ஊர் சுத்தறோம்," என்பாள். அப்பா அப்போது இல்லை. இருந்திருந்தால் திட்டியிருப்பார், பிறகு அவரே தண்ணீர் காட்டியிருப்பார்.

சும்மா அவளைப் பார்க்கவென்று நான் ஒரே ஒருமுறைதான் அந்தக் குப்பத்துக்குப் போனேன். நான் நாய்ப்பிரியை அல்ல, இப்போதும் இல்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் நின்றேன். மீட்டர் என் பக்கம் வந்து மோந்து பார்த்தான், நான் பின்வாங்கினேன். "பயப்படாத, உன் ஆபீஸ் கதையச் சொல்லு, தூங்கிடுவான்," என்றாள் அக்கா. சூரியன் கடலுக்கு மேலே ஒரு சாண் ஏறியிருந்தது. நாய் படகின் பக்கத்தில் போய்த் தானாகவே உட்கார்ந்தது. அக்கா முழங்காலை மணலில் ஊன்றிக்கொண்டு, "மாசம் தெரிஞ்சிக்க எனக்குக் காலண்டர் வேணாம். இவன் நிழல் போதும். தையில இந்த எடப்பக்கம் சாயும், ஆனியில அந்த வலப்பக்கம்," என்று கையைக் காட்டிச் சொன்னாள். நான் தலையாட்டினேன். வெயில் ஏறிவிட்டால் தலை வலிக்குமே என்ற கவலையில் இருந்தேன். அந்தப் பேச்சு அன்றைக்கே மறந்துவிட்டது.

அன்று மதியம் அவள் அறையில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினாள். பெட்டி நிறையப் பழுப்புக் காகித உறைகள், உள்ளே அச்சுப் போட்ட படங்கள். கம்ப்யூட்டரில் எல்லாம் இருந்தாலும், கையில் பிடித்துப் பார்க்காதது படமே இல்லை என்பது அவள் கட்சி. ஒவ்வொரு உறையின்மேலும் பென்சிலால் ஒரு பேர். ஊர்ப் பேரோ தேதியோ கிடையாது, ஆள் பேர். 'அம்மா' என்று எழுதியிருந்த உறையைப் பிரித்தேன். ஒரு படத்தில்கூட அம்மா இல்லை. ரயிலின் கடைசிப் பெட்டியில் எரிகிற சிவப்பு விளக்கு மட்டும் ஒன்றில் இருந்தது. "உறை மாறிப் போச்சு அக்கா," என்றேன். "மாறல. அப்பா ட்யூட்டிக்குப் போறப்ப அம்மா வாசல் கேட் கிட்ட நின்னு அந்த வெளக்கு மறையற வரைக்கும் பாப்பா, ஞாபகம் இருக்கா? எதைப் பாத்து எடுத்தேங்கறது முக்கியமில்ல. யாரை நெனச்சிக்கிட்டேனோ அவங்க பேரு." எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. அதைச் சொல்லியும் விட்டேன். அவள் சிரித்துக்கொண்டே உறைகளை அடுக்கினாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசியில், அவள் வயிற்றில் கட்டி என்று ஓங்கோலில் கண்டுபிடித்தார்கள். ஹைதராபாத்துக்கு வந்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்றார்கள். போன் வந்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "மீட்டரையும் கூட்டிட்டு வரட்டா?" என்பதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்றுவரை யாரிடமும் சொல்லாதது. நான், "டாக்டர் நாய் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டார் அக்கா, முடி, கிருமி எல்லாம் உனக்கு ஆகாதாம்," என்றேன். அப்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை. இருப்பதோ இரண்டு அறை வீடு; அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்; கணவரும் நானும் மகளும் காலையில் வேலைக்குப் போகிறவர்கள்; பன்னிரண்டு வயதுக் கிழட்டு நாயின் பின்னால் யார் துடைத்துக்கொண்டு திரிவது என்று எனக்கு மலைப்பாக இருந்தது. அக்காவை வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன், நாயை வைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. மறுமுனையில் அவள் நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. பிறகு, "சரி. ஆனா நான் அவனை தெனமும் பாக்கணும்," என்றாள்.

அழைத்து வர நான்தான் கார் வைத்துக்கொண்டு போனேன். அக்காவின் பக்கத்து வீட்டில் ஒரு மீனவப் பெண்மணி. அக்கா அவரை வதினா என்று கூப்பிடுவாள், தெலுங்கில் அண்ணி. நாயை அவர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கிளம்பும்போது அக்கா மீட்டரின் கழுத்திலிருந்து இந்தக் கயிற்றைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். "அவன் ஊருதான, கயிறு எதுக்கு," என்றாள். மெட்டுகுடாவில் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசற்கதவுக்குப் பக்கத்து ஆணியில் அதை மாட்டினாள். "திரும்பிப் போறப்ப மறந்துடக் கூடாது," என்றாள். முன்னறை ஜன்னலோரம் அவளுக்குக் கட்டில் போட்டிருந்தோம். படுத்தால் ஆணியும் கயிறும் நேராகக் கண்ணில் படும்.

அக்காவிடம் இருந்தது பழைய பட்டன் போன், அதில் படம் வராது. அதனால் வதினா ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு மீட்டரை அந்தப் படகுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்து என் போனுக்கு அனுப்புவார். படம் எடுப்பது எப்படி என்று அக்கா இடம், தூரம் எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒன்று மட்டும் அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை: படத்தின் கீழ் மூலையில் எப்போதும் அவருடைய கட்டைவிரல் விழுந்திருக்கும். நான் போனைக் கொண்டுபோய்க் கட்டிலில் நீட்டுவேன். அக்கா விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள். "கண்ணுல பீளை கட்டியிருக்கு, தொடைக்கச் சொல்லு. நகம் வளந்திருக்கு. நேத்து என்ன தின்னான்னு கேளு." நான் கேட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மாத்திரை, கஞ்சி. பார்க்காத நாளில் வாயைத் திறக்கமாட்டாள். சனிக்கிழமை அலுவலகத்திலிருந்து வரும்போது செகந்திராபாத்தில் ஒரு ஸ்டுடியோவில் அந்த வாரத்துப் படங்கள் ஏழையும் அச்சுப் போட்டு எடுத்து வருவேன். அவள் பின்பக்கம் பென்சிலால் வெளிச்சம் எப்படி என்று ஒரு வரி எழுதுவாள். எழுதி உறையில் போடுவாள். மருந்து அவளை உருக்கிக்கொண்டிருந்தது. முடி கொட்டி, கன்னம் ஒட்டி, கை குச்சியாகிவிட்டது. ஆனால் பென்சில் பிடிக்கும்போது மட்டும் நடுங்காது.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் படம் வரவில்லை. குளிக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வதினாவுக்குப் போன் செய்தேன். மீட்டர் மூன்று நாளாகவே சோறு தின்னவில்லையாம், நான் கவலைப்படுவேன் என்று சொல்லவில்லையாம். விடியற்காலை போய்ப் பார்த்தபோது படகுக்குள் செத்துக் கிடந்தானாம். அந்தம்மா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் அடுத்த தவணை மருந்து ஏற்ற நாலு நாள் இருந்தது. இவள் இன்றைக்குச் சாப்பிடமாட்டாள், நாளைக்கும் சாப்பிடமாட்டாள், அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வெளியே வந்து, "வதினா போன்ல சார்ஜ் இல்லையாம், அப்புறம் அனுப்பறாங்களாம்," என்றேன். அக்கா வேறொன்றும் கேட்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தன் படங்களையெல்லாம் சேமித்த, கம்ப்யூட்டரில் மாட்டுகிற சின்னப் பெட்டி ஒன்றை அக்கா கூடவே கொண்டு வந்திருந்தாள். அதில் மீட்டர் படகோரம் உட்கார்ந்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அதிலிருந்து தினம் ஒன்று எடுத்து என் போனில் போட்டு, வதினா அனுப்பியது என்று காட்டுவது என்று முடிவு செய்தேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு. நல்ல படங்களை எடுத்தால் அவளுக்கு ஞாபகம் இருக்கும், அதனால் சாய்ந்தது, கலங்கியது, அவள் வேண்டாமென்று ஒதுக்கியது எதுவோ அதையாகப் பொறுக்கினேன். மகளைத்தான் உதவிக்குக் கூப்பிட்டேன். மாதாப்பூரில் வேலை பார்க்கிறவள், இதெல்லாம் அவளுக்குக் கைவந்த கலை. எனக்குத் தமிழில் பதில் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. "அம்மா, பெத்தம்மக்கு தெலிசிபோதுந்தி," என்றாள். பெரியம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று. "நீ சும்மா இரு," என்றேன்.

அன்றைக்கு அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, பத்து மணிக்கு முதல் பொய்ப் படத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். அக்கா போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பெரிதாக்கவில்லை. கடைசியில், "வதினாவுக்குக் கை பழகிடுச்சு. வெரல் விழல," என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஹவ், ஆமாக்கா, தெனமும் எடுக்கறாங்கல்ல," என்றேன். "கஞ்சி கொண்டா," என்றாள். குடித்தாள், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல்.

மறுநாள் அவளாகவே தன் காமிராவை எடுத்துத் தரச் சொன்னாள். இங்கே வந்த மூன்று மாதத்தில் அதை அவள் தொட்டதில்லை. எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. தேறிவிட்டாள் என்று கணவரிடம் சொன்னேன், அலுவலகத்தில் சொன்னேன், வதினாவுக்குப் போன் போட்டும் சொன்னேன். சனிக்கிழமை நான் கிளம்பும்போது காமிராவிலிருந்த சின்ன அட்டையை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். "இதுல ஒரு படம் இருக்கு, இதையும் போட்டுத் தரச் சொல்லு," என்றாள். ஏதோ பழைய படம் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டுடியோக்காரர் உறையைக் கொடுக்கும்போது, "இன்னைக்கு எட்டு இருக்கு மேடம்," என்றார். "தெரியும்," என்று சொல்லி உறையை அப்படியே பையில் போட்டுக்கொண்டேன். அந்தப் படங்களை அச்சில் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. பிறகு வந்த சனிக்கிழமைகளிலும் நான் உறையைப் பிரித்ததே கிடையாது.

அன்றிலிருந்து ஒரு மாறுதல் இருந்தது. அப்போது அது எனக்குப் புரியவில்லை. அக்கா மீட்டரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்ன தின்றான், நகம் வெட்டினார்களா, எதுவும் இல்லை. போனை வாங்கிப் பார்ப்பாள், தலையாட்டுவாள், மாத்திரையை விழுங்குவாள். என்னென்ன பொய் சொல்லவேண்டியிருக்குமோ என்று இரவெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றைக்கூடச் சொல்ல நேரவில்லை. மீட்டருக்குப் பதிலாக என்னைப் பற்றிக் கேட்டாள். மூட்டுவலி எப்படி இருக்கு, ஆபீஸில் அந்தப் புது அதிகாரி இன்னும் கத்துகிறானா, மதியம் சாப்பிட்டாயா. நாற்பது வருஷத்தில் நாங்கள் பேசாததையெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் பேசினோம். பங்குனியில் ஒருநாள் மருந்துக்குப் போனபோது டாக்டரிடம் தனியாக, "வீட்ல நாய் இருந்தா இவங்களுக்கு ஆகுமா டாக்டர்?" என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. "குளிப்பாட்டிச் சுத்தமா வெச்சிருந்தா என்ன? மனசுக்கு நல்லதுதான்," என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்த மாதக் கடைசியில் அக்கா போய்விட்டாள். காலையில் படத்தைப் பார்த்துவிட்டு, கஞ்சியில் பாதி குடித்துவிட்டு, "வெயில் கண்ணுல அடிக்குது, ஜன்னலை ஒருக்களி," என்றாள். நான் ஒருக்களித்துவிட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கட்டிலைப் பிரிக்கும்போது தலையணைக்கு அடியில் இரண்டு பழுப்பு உறைகள் இருந்தன. தடியாக இருந்ததன்மேல் 'மீட்டர்' என்று பென்சிலில் எழுதியிருந்தது. வதினா எடுத்த படங்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் அந்தக் கட்டைவிரல். இன்னொன்றின்மேல் 'தங்கச்சி' என்று எழுதியிருந்தது. என் படங்கள் எதையாவது சேர்த்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே இருந்தது நாய். படகோரம் உட்கார்ந்த மீட்டர், சாய்ந்தும் கலங்கியும், அறுபது எழுபது படங்கள். நான் பொறுக்கிப் போட்ட பொய்கள் முழுக்க, தேதி வாரியாக, ஒன்றுவிடாமல்.

கட்டில் சட்டத்தின்மேல் உட்கார்ந்து இரண்டு உறையையும் பக்கம் பக்கமாகப் பரப்பினேன். குழந்தைக்குக்கூடத் தெரியும். வதினாவின் தை மாதப் படங்களில் நாயின் நிழல் இடப்பக்கம் விழுந்திருந்தது. என்னுடையவற்றில் பாதிக்குமேல் வலப்பக்கம். தையில் ஆனி மாதத்து வெயிலைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன், அதுவும் யாருக்கு? அவள் கண்ணால் பார்த்து, அவள் கையால் எடுத்து, சரியில்லை என்று அவளே மனம் நொந்து ஒதுக்கிய படங்களை அவளுக்கே காட்டியிருக்கிறேன். நல்லதாக வந்ததை மறந்தாலும் கெட்டுப்போனதை எந்தத் தொழிலாளியும் மறப்பதில்லை என்பது ஏனோ எனக்குத் தோன்றவில்லை. 'மீட்டர்' உறையில் கடைசியாக ஒரு படம் இருந்தது. நான் கைப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்த அந்த எட்டாவது படம். எங்கள் வீட்டுச் சுவர், ஆணி, நீலக் கயிறு. கட்டிலில் படுத்தபடியே எடுத்திருக்கிறாள். கடற்கரைப் படங்கள் கிழக்கே பார்த்து எடுத்தவை, இது மேற்குச் சுவர்; அதனால் தை மாதக் காலை வெயிலில் கயிற்றின் நிழல் இங்கே வலப்பக்கமாக விழுந்திருந்தது. திருப்பினேன். பின்பக்கம், "ஏழு மணி. வெளிச்சம் போதும்" என்று எழுதியிருந்தாள்.

ஆக, முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாய்க்கு அழ வேண்டியதை அந்த ஒரு படத்தில் அழுது முடித்துக்கொண்டு, மற்ற நாளெல்லாம் எனக்காகக் கஞ்சி குடித்திருக்கிறாள். நான் அவளைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது, மீட்டருக்கும் சேர்த்து. மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "சொன்னேனே" என்று அவள் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இப்போது ஆனி மாதம். வண்ணமடித்து முடிந்து வீடெல்லாம் அந்த வாசனை. நேற்று காலை ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பியபோது புதுச் சுவரில் வெயில் விழுந்திருந்தது. மணி பார்த்தேன், ஏழு. கயிற்றின் நிழல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தையில் அவள் எடுத்த படத்தில் வலப்பக்கம், இதில் இடப்பக்கம். யாரும் சொல்லித் தராமல் என் கண்ணே அதைப் பார்த்தது. போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன்.

மாலையில் அலுவலகம் முடிந்து அதே ஸ்டுடியோவுக்குப் போனேன். அவர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "மூலையில வெரல் விழுந்திருக்கு மேடம், வெட்டிடவா?" என்று கேட்டார். "நக்கோ, இருக்கட்டும்," என்றேன். வீட்டுக்கு வந்து, படத்தின் பின்பக்கம் வெளிச்சம் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதினேன். ஒரு பழுப்பு உறை எடுத்துப் படத்தை உள்ளே போட்டேன். படத்தில் இருப்பது ஒரு நாயின் கயிறு. உறையின்மேல் பென்சிலால் 'அக்கா' என்று எழுதினேன்.